இடதைத் திருப்பிச் செருகியவர்கள்

“கழட்டாதீங்கக்கா, எம்பட பையன் இன்னும் சோறு திங்கறான்” என்றாள் மயிலாத்தாள்.

துளசிமணி கையை எடுத்துக்கொண்டாள். இருபத்திரண்டு தறிகள் ஒரே மூச்சாக ஓடுகிற பட்டறையில் யார் சொல்வதும் யார் காதிலும் விழாது, உதட்டைப் பார்த்துத்தான் பேச்சு, அதனால் முதலில் தான் உதட்டைத் தப்பாகப் படித்துவிட்டதாக நினைத்தாள். ஆனால் மயிலாத்தாள் இடது காது இயர்போனை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டு, புனேயில் காலேஜ் விடுதியில் இருக்கிற மகன் பருப்பை ஊற்றிக்கொள்வதையும், பக்கத்தில் இருக்கிறவன் உப்பில்லை என்று சலித்துக்கொள்வதையும், மகன் ஒன்றும் சொல்லாமல் தட்டை வழிப்பதையும் ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

“போன்ல சாப்ட்டியான்னா சாப்ட்டேங்கறான். மணியைப் பாருங்க, ரெண்டே முக்கால். இப்பத்தான் திங்கறான், படுபாவி.”

அவன் கை கழுவி முடிக்கும் வரை துளசிமணி பக்கத்திலேயே நின்றாள். பிறகு இயர்போனை வாங்கி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தபோது, இடது பக்கத்து ஒயர் முனை முன்பின்னாகத் திருப்பிச் செருகப்பட்டிருந்தது. வேறு கோளாறு எதுவும் இல்லை.

கருக்கவலசில் இயர்போன் இல்லாமல் தறி ஓட்டுகிறவர்கள் இல்லை. முன்பெல்லாம் கழிவுப் பஞ்சை உருட்டிக் காதில் அடைத்துக்கொண்டார்கள், அப்படியும் நாற்பது வயதுக்குள் பாதிப் பேருக்குக் காது போனது. அதன் பிறகு காதுக்குள் ரப்பர் மூடியோடு இறுக்கமாக உட்காரும் இயர்போன் வந்தது, தறிச்சத்தம் வெளியே நின்றது, உள்ளே பாட்டு ஓடியது. ஆனால் ஓடுகிற தறிக்குப் பக்கத்தில் ஒயர் தொங்குவது ஆபத்து. பெல்ட்டில் சிக்கினால் காதோடு இழுத்துக்கொண்டு போய்விடும். அதனால் ஊரில் எல்லோரும் கழற்றி மாட்டுகிற ஒயர் வைத்ததையே வாங்கினார்கள்: இழுத்தால் ஒயர் மட்டும் பிடுங்கிக்கொண்டு வரும், காது தப்பிக்கும். ஒயரின் முனையில் குண்டூசித் தடிமனில் இரண்டு பித்தளைப் பின்கள், காது மொட்டில் அதற்கேற்ற இரண்டு துளைகள். காதுக்கு மேலாக வளைந்து போவதற்கென்று ஒரு வளைவுக் குழாயும் வரும். அந்த வளைவைப் பார்த்து மாட்டினால் முன்பின் மாற வழியில்லை. கருக்கவலசுக்காரர்கள் வாங்கிய அன்றே அந்தக் குழாயை பிளேடால் சீவி எறிந்துவிடுவார்கள். பட்டறைச் சூட்டில் அதற்கடியில் வேர்வை தங்கி, வேர்வையில் பஞ்சு ஒட்டி, காதுக்குப் பின்னால் புண்ணாகிவிடும். குழாய் போன பிறகு எது முன், எது பின் என்று சொல்ல, பித்தளைப் பின்களுக்குப் பக்கத்தில் கடுகளவு புள்ளி ஒன்றுதான் மிச்சம், அதுவும் போகப்போக அழிந்துவிடும்.

துளசிமணி பாவு பிணைப்பவள். தறியில் நீளவாக்கில் ஓடுகிற பாவு நூல் தீர்ந்தால், தீர்ந்த இழையின் நுனியோடு புது இழையின் நுனியைச் சேர்த்து, ஒன்றுவிடாமல், ஒன்றுமாறாமல், ஆயிரக்கணக்கில் முறுக்கிக்கொண்டே போகிற கை அவளுடையது. அதனால் ஒயர் பிடுங்கிக்கொண்ட எல்லோரும் அவளிடம் வந்தார்கள். துளைக்குள் அடைந்த பஞ்சை ஊசியால் எடுத்து, வாயால் ஊதி, சிவப்புக் குறி போட்ட ஒயரை வலதுக்குக் கொடுத்து, புள்ளியை வெளிப்பக்கம் பார்க்க வைத்து, இரண்டு பின்னும் ஒரே நேரத்தில் இறங்குமாறு நேராக அழுத்துவாள். சாய்த்து அழுத்தினால் பின் வளையும், ஒயரைப் பிடித்து இழுத்தால் உள்ளே அறுந்துபோகும் என்று ஆயிரம் தடவை சொல்லியிருக்கிறாள், ஒருவரும் கேட்டதில்லை. மாட்டிய பிறகு பழைய பாட்டு ஒன்றைப் போட்டுப் பார்ப்பாள். பாடுகிறவர் இரண்டு புருவத்துக்கும் நடுவில் வந்து நின்றால் சரி. அவர் நடுவில் நிற்காமல் காதுக்கு வெளியே போய்ச் சிதறி, குரல் வற்றி, தபேலா சுரைக்குடுக்கையைத் தட்டுவதுபோல் கேட்டால் ஒரு பக்கம் மாறியிருக்கிறது என்று அர்த்தம்.

அன்று மயிலாத்தாள் அவசரத்தில் தானே மாட்டிக்கொண்டாள். பாடுகிறவர் போய்விட்டார். அந்தக் காலி இடத்தில் மகன் வந்து உட்கார்ந்து சாப்பிட்டான்.

பஸ் ஸ்டாப்பில் மொபைல் கடை வைத்திருக்கிற சிக்கந்தரிடம் இதற்குக் காரணம் கேட்டார்கள். “வலது பக்கத் தகடு வெளிய தள்ளறப்ப இடது உள்ள இழுக்குதுங்க. ரெண்டுக்கும் நடுவுல பாடறவரு காணாமப் போயிடறாரு. அதுவரைக்கும் எனக்குத் தெரியும்” என்று சொன்ன சிக்கந்தர், அதற்குப் பிறகு அந்த இடத்தில் யார் வந்து உட்கார்கிறார்கள் என்பது கம்பெனிக்காரனுக்கே தெரியாது என்று சொல்லிவிட்டு, மறுவாரம் கடை வாசலில் ‘இடது பக்கம் திருப்பி மாட்டித் தரப்படும்’ என்று எழுதி வைத்தான்.

ஊர் அதற்குப் பழகிக்கொள்ள ஒரு மாதம்கூட ஆகவில்லை. திருப்பூருக்கும் ஓமனுக்கும் பெங்களூருக்கும் ஆள் அனுப்பாத வீடு ஏது. பகல் ஒரு மணிக்கு எல்லாத் தறிகளிலும் எல்லோரும் இடதைத் திருப்பிக்கொண்டு, போனவர்கள் சோறு தின்பதையும் மேஸ்திரியிடம் திட்டு வாங்குவதையும் செருப்பைத் தேடுவதையும் கேட்டார்கள். அவர்கள் இவர்களை நினைத்துப் பேசியதாக ஒருவருக்கும் கேட்கவில்லை. ‘அம்மா’ என்று ஒரு சொல் வருமா என்று மூன்று பாட்டு முழுக்கக் காத்திருந்தவர்களுக்கு, ‘அந்த ஸ்பேனரை எடு’ என்றுதான் கேட்டது, அதுவே போதுமாக இருந்தது. பட்டறைக்காரர் துணி குறையாததைப் பார்த்துவிட்டுச் சாப்பாட்டு நேரத்தைப் பத்து நிமிஷம் நீட்டிக் கொடுத்தார். கோயில் கமிட்டி கூடி, கருவறைக்கு முன்னால் திருப்பிப் போட்டுக்கொண்டு நிற்கக் கூடாது, மற்றபடி பிராகாரத்தில் ஆட்சேபணை இல்லை என்று முடிவெடுத்தது. யாருடைய குரல் வரும் என்பதைத் திருப்புகிறவர் தீர்மானிக்க முடியாது, மனசு எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறதோ அந்தப் பக்கத்து ஆள்தான் வரும் என்பதும் சீக்கிரமே தெரிந்துபோனது. கல்யாணமாகி மூன்று மாதமான ஒரு பெண், ஓமனில் இருக்கிற புருஷன் குரலை எதிர்பார்த்துத் திருப்பிவிட்டு, அரைப் பாட்டில் கழற்றி, துளசிமணியிடம் கொண்டுவந்து, “நேரா மாட்டிக் குடுங்கக்கா. இனி கழட்டவே முடியாதபடி பசை வெச்சுருங்க” என்றாள். துளசிமணி என்ன கேட்டது என்று கேட்காமல் பசை வைத்துக் கொடுத்தாள்.

செத்தவர்கள் வருவதில்லை. சென்னியப்பனின் சம்சாரம் இறந்து நாலு வருஷம் ஆகியிருந்தது, அவர் திருப்பிப் போட்டால் பாட்டு வற்றிப் போகும், நடுவில் ஒன்றும் வராது. ஆனாலும் தினமும் அப்படியே போட்டுக்கொண்டு தறி ஓட்டினார். “காலியா இருந்துட்டுப் போகுது. அது அவளோட எடந்தானே” என்றார்.

துளசிமணி ஒன்பது நாள் தன்னுடையதைத் திருப்பவில்லை. யார் வருவார்கள் என்று அவளுக்குத் தெரியும்.

மகள் ரேணு வீட்டைவிட்டுப் போய்ப் பதினாலு மாதம். கூடப் படித்த பையன், வேறு சாதி. பதிவுக் கல்யாணம் முடிந்த செய்தி வந்த அன்றே துளசிமணியின் புருஷன் அர்த்தநாரியும், அவருடைய அண்ணன் ராசலிங்கமும் ஆற்றில் போய்த் தலைமுழுகிவிட்டு வந்தார்கள். ரேஷன் கார்டில் பெயரை எடுத்தார்கள். படங்களை எடுத்துப் பரணில் போட்டார்கள். அந்தப் பெயரை வீட்டில் யாரும் சொல்லக் கூடாது என்றார் ராசலிங்கம், சொன்னவர்தான் மாதத்தில் இரண்டு தடவை வெள்ளைக் காரை எடுத்துக்கொண்டு ஓசூர், சேலம், சித்தூர் என்று அவளைத் தேடிப் போய்வந்தார். கண்டுபிடித்தால் என்ன செய்வார் என்று ஊரில் ஒருவரும் கேட்கவில்லை. கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியதாக அது இல்லை.

பத்தாம் நாள் துளசிமணி இடதைத் திருப்பினாள். பாடுகிறவர் விலகினார். குக்கர் விசில் மூன்று வந்தது. பிறகு ரேணு அந்தப் பையனிடம், “முகிலு, புளி எவ்வளவு போடறதுன்னே தெரியல, எங்கம்மா கையளவுல போடும்” என்றாள்.

துளசிமணி பாவுக்கடியில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். “எலுமிச்சங்காய் அளவு, கண்ணு. சின்னது” என்று உரக்கச் சொன்னாள், இருபத்திரண்டு தறிகள் அதை அரைத்துத் தின்றன.

அன்றிலிருந்து பகல் ஒரு மணி அவளுக்கு ஒரு வீட்டின் வாசல் மாதிரி ஆயிற்று, உள்ளே போக முடியாது, வாசலில் நின்று கேட்கலாம், அவ்வளவுதான். ரேணு துணி பிழிவதை, பக்கத்து வீட்டுக்காரியோடு அரைகுறையாக இன்னொரு பாஷையில் பேசுவதை, அந்தப் பையன் வந்ததும் கோபித்துக்கொள்வதை, கோபம் அரைமணி நேரம்கூட நிற்காமல் சிரித்துவிடுவதை. ஒரு நாள் ரேணு வாந்தி எடுத்தாள். மறுநாளும். பிறகு ஒரு நர்ஸ் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, எடை பார்த்து, மாதக் கணக்குச் சொன்னாள். துளசிமணி பிணைக்கும் இழையை விட்டுவிட்டு விரல்களை மடக்கி எண்ணினாள்.

கேட்கக் கூடாத ஒன்றும் அதில் கேட்டது. ரேணுவின் ஜன்னலுக்கு அந்தப் பக்கம் ரயில் நிலையம். ஒரு மணி இருபதுக்கு ஒரு வண்டி வரும், ஒலிபெருக்கியில் மூன்று பாஷையில் அறிவிப்பு வரும், ஊர்ப் பெயரோடு. துளசிமணி முதல் தடவை கேட்டபோதே அதை மனதில் பிடித்துக்கொண்டாள், பிடித்த கணமே விட்டுவிடப் பார்த்தாள், முடியவில்லை. அந்தப் பெயரை அவள் தனக்குள்கூட முழுசாகச் சொல்லிப் பார்த்ததில்லை.

அர்த்தநாரி அவளுக்கு எட்டுத் தறி தள்ளி வேலை பார்த்தார். “நீங்க திருப்பிப் பாக்கலீங்களா?” என்று யாராவது கேட்டால், “எனக்கு ஆரு இருக்கறா கேக்கறதுக்கு” என்பார். தன்னுடைய ஒயரைத் தானே மாட்டிக்கொள்வார். அவளிடம் கொடுத்ததில்லை.

சித்திரையில் ஒரு தடவை தப்பு நடந்தது. மயிலாத்தாளின் ஒயர் இரண்டு பக்கமும் பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டது. பஞ்சு எடுத்து மாட்டும்போது துளசிமணி பேச்சு கவனத்தில் இடதைத் திருப்பியவள், புள்ளி அழிந்துபோன வலதையும் தெரியாமல் திருப்பிவிட்டாள். மயிலாத்தாள் போட்டுக்கொண்டு போனாள். அரைப் பாட்டு. பிறகு தறியை நிறுத்தாமல், மாரில் அடித்துக்கொண்டு ஓடிவந்தாள்.

“பையன் இல்லீங்கக்கா! வல்லீங்கக்கா!”

பட்டறைக்கு வெளியே வேப்பமரத்தடிக்கு இழுத்துக்கொண்டு போய் போன் போட வைத்தாள் துளசிமணி. பையன் எடுத்தான். வகுப்பில் இருக்கும்போது கூப்பிடாதே என்று எத்தனை தடவை சொல்வது என்று கத்திவிட்டு வைத்தான். மயிலாத்தாள் அந்தத் திட்டை ஒரு தடவை திருப்பிச் சொல்லிப் பார்த்துச் சந்தோஷப்பட்டாள். பிறகு இருவரும் இயர்போனை மடியில் வைத்து ஆராய்ந்தார்கள். பாடுகிறவர் புருவத்துக்கு நடுவிலேயே கணீரென்று நின்றிருந்தார்.

“ரெண்டையும் திருப்பினா நேராப் போட்ட மாதிரிதான் போல” என்றாள் துளசிமணி. “ரெண்டும் சேர்ந்து உள்ள இழுக்குது, ரெண்டும் சேர்ந்து வெளிய தள்ளுது.”

“இதை ஆருகிட்டயும் சொல்லிப் போடாதீங்கக்கா” என்றாள் மயிலாத்தாள், மூக்கைச் சிந்திக்கொண்டு. “உசுரோட இருக்கற பையனுக்கு மாரடிச்சேன்னா என்ற நாத்தனா பத்து வருசத்துக்குச் சொல்லிக் காட்டுவா.”

அவர்கள் யாரிடமும் சொல்லவில்லை.

ராசலிங்கம் தென்னந்தோப்புக்காரர், தறிப்பக்கமே வராதவர், காதில் ஒயர் மாட்டுகிறவர்களை மாடுகளோடு ஒப்பிட்டுப் பேசுகிறவர். ஆனால் ஆடி மாதம், ஆறு வருஷத்துக்கு முன்னால் ஓடிப்போன அப்பனை ஒருவன் கண்டுபிடித்துக் கூட்டிக்கொண்டு வந்தான். இடதைத் திருப்பிக் கேட்டபோது அப்பனுக்குப் பக்கத்தில் பஸ் கண்டக்டர் ‘பழனி பழனி’ என்று கத்தினாராம், போய்ப் பார்த்தால் அடிவாரத்தில் செருப்புக்கு டோக்கன் கொடுத்துக்கொண்டிருந்தாராம். ஊரே அந்த அப்பனைப் பார்க்கப் போனது. ராசலிங்கமும் போனார். வெகுநேரம் நின்று அவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, தறிகள் ஓய்ந்திருந்த காலையில், வெள்ளைக் கார் வாசலில் வந்து நின்றது. ராசலிங்கம் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். பங்காளிகள் நாலு பேர் கூட வந்திருந்தார்கள், சத்தம் கேட்டு மயிலாத்தாளும் பக்கத்து வீடுகளும் வந்து நின்றன. அர்த்தநாரி தூணோரம் நின்றார்.

“அம்மிணி, இந்தா” என்று ஒரு புது டப்பாவை நீட்டினார் ராசலிங்கம். “நாலு நாளா நானே மாட்டிப் பாக்கறேன். ரெண்டு ஒயரு முள்ளு வளைஞ்சு போச்சு. உன்ற கையால மாட்டிக் குடு.”

“உங்களுக்கு எதுக்குங்க மாமா இதெல்லாம்?”

“எதுக்குன்னு உனக்குத் தெரியாது?” அவர் குரல் உயரவில்லை. “அவளைத் தோள்ல தூக்கிட்டுத் தேர் காட்டுனவன் நானு. எம்மனசு சாயாம ஆரு மனசு சாயும்? எனக்கு வருவா. வந்தா, சுத்துப்பட்டுல என்ன சத்தம் கேக்குதுன்னு பாத்துக்கறேன். ஒரு கோயில் மணி, ஒரு பஸ்ஸு, ஒரு ரயிலு. எனக்கு அது போதும்.”

அவருக்கு வருவாள் என்பதில் துளசிமணிக்குச் சந்தேகமே இல்லை. ரேணுவுக்குக் காது குத்தியபோது அழுதவர் அவர்தான். அதுதான் பயமாக இருந்தது.

அவள் டப்பாவைப் பிரித்தாள். புது இயர்போன், புள்ளிகள் பளிச்சென்று இருந்தன. முழங்கைகளை முழங்காலில் ஊன்றிக்கொண்டாள். வளைவுக் குழாயை பிளேடால் சீவினாள், இடது, பிறகு வலது. இடதைத் திருப்பிச் செருகினாள். வலதை எடுத்தாள். ஊதினாள், அதில் பஞ்சே இல்லை. அதையும் திருப்பிச் செருகினாள்.

ராசலிங்கம் வாங்கி, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, இடதைப் பார்த்தார். வலதைப் பார்த்தார்.

“புள்ளி ரெண்டும் உள்பக்கம் பாக்குது?”

வாசலில் யாரோ இருமினார்கள்.

“உங்களுக்குப் பழக்கமில்லீங்களே மாமா. ஒரு பக்கம் திருப்புனா தறிக்காரங்களுக்குக் கேக்கும். எங்களுக்கு வருசக்கணக்காக் கேட்டுக் கேட்டுப் பழகுன காது. உங்களுக்கு ரெண்டு பக்கமும் திருப்புனாத்தான்.”

அவர் அதை யோசித்தார். ஒன்றைவிட இரண்டு பெரிது என்பது தோப்பிலும் காரிலும் பங்காளிச் சண்டையிலும் அவருக்கு எப்போதும் சரியாகவே இருந்திருந்தது. காதில் மாட்டிக்கொண்டார். துளசிமணி பழைய பாட்டைப் போட்டாள்.

ஒரு பாட்டு ஓடியது. அவர் கண்ணை மூடிக்கொண்டிருந்தார், வாய் லேசாகத் திறந்திருந்தது, ஒரு பெரிய மனிதரின் முகத்தில் அத்தனை ஆசையை அந்த வாசல் பார்த்ததில்லை. துளசிமணிக்கு ஒரு கணம், ஒரே ஒரு கணம், கையை நீட்டி வலதை நேராக்கிவிடலாமா என்று இருந்தது. இரண்டாவது பாட்டு ஓடியது. மூன்றாவது பாட்டின் பாதியில் கண்ணைத் திறந்தார்.

“ஒண்ணுங் கேக்கல.”

“நல்லாக் கேளுங்ணா” என்றார் பங்காளி ஒருவர்.

“கேட்டுட்டேன். பாட்டுத்தான் கேக்குது. பாடறவன் நடுமண்டையில நின்னு கணீர்னு பாடறான்.”

பங்காளிகளில் தறிக்காரர்கள் இருவர் இருந்தார்கள். திருப்பிப் போட்டால் பாட்டு வற்றித்தானே போகும் என்கிற யோசனை ஒருவர் நெற்றியில் சுருக்கமாக ஏறிக்கொண்டிருந்தது. மயிலாத்தாள் துளசிமணியைப் பார்த்தாள். மடியில் கிடந்த வளைவுக் குழாய்த் துண்டுகளைப் பார்த்தாள், பிறகு ராசலிங்கத்தின் வலது காதைப் பார்த்தாள்.

“ஐயோ, அப்ப இல்லீங்க” என்றாள் சத்தமாக. “ஆளு இல்லைன்னா அப்படித்தானுங்க. எங்க பெரியப்பாவைத் தேடிப் போட்டப்ப எனக்கும் இப்படித்தான், கணீர்னு. எடத்தை விட்டுக்குடுக்க ஆளு இல்லைன்னா பாடறவன் எதுக்குங்க நகர்றான்?”

சுருக்கம் ஏறிய நெற்றிக்காரர் சென்னியப்பனைத் தேடினார். சென்னியப்பன் கூட்டத்தின் ஓரத்தில் நின்றிருந்தார். செத்தவர் இருந்த இடம் எப்படிக் கேட்கும் என்பது ஊரிலேயே நன்றாகத் தெரிந்தவர் அவர்.

“ஆமாங்” என்றார் சென்னியப்பன். “அப்படித்தான்.”

ராசலிங்கம் இயர்போனை ஒவ்வொரு காதாகக் கழற்றி, டப்பாவில் வைத்து, மூடியை அழுத்தினார். மூடி உட்காரவில்லை, மறுபடி அழுத்தினார். தம்பியைப் பார்த்து, “நீ எப்பவாச்சும் கேட்டியாடா?” என்றார்.

“இல்லீங்ணா” என்றார் அர்த்தநாரி. “விடுங்க. முடிஞ்சு போச்சு.”

அந்தச் சொல்லைத் துளசிமணி அவரிடமிருந்து எதிர்பார்க்கவில்லை. அது அவளுக்குள் இறங்கி, இறங்கின இடத்திலேயே நின்றது.

“செரி” என்று எழுந்தார் ராசலிங்கம். கார்வரை போனவர், கதவைப் பிடித்துக்கொண்டு திரும்பாமல் நின்றார். “காரியத்தைப் பண்ணிருவோம். அப்படியே விட்டுடக் கூடாது.”

புதன்கிழமை காரியம் நடந்தது. பரணிலிருந்து ஒரு படத்தை இறக்கித் துடைத்து மாலை போட்டார்கள். ராசலிங்கம் அதன் முன்னால் குழந்தைபோல் அழுதார், கூட்டம் அவரைத் தாங்கிப் பிடித்தது. அர்த்தநாரி ஐயர் சொன்ன இடத்தில் தண்ணீர் விட்டார், எள் இறைத்தார், சொன்னதையெல்லாம் வரிசை பிசகாமல் செய்தார். பெண்கள் வந்து துளசிமணியைக் கட்டிக்கொண்டு ஒப்பாரி வைத்தார்கள், அவளும் அழுதாள், அழுவதற்கு அவளிடம் பதினாலு மாதமும் அதற்கு மேலும் இருந்தது. பகல் ஒரு மணி வந்து போனது. உயிரோடு இருக்கிற மகளுக்குப் படையல் வைத்த கையை வாழையிலையில் துடைத்துக்கொண்டு, இந்நேரம் ரேணுவின் ஜன்னலுக்கு அந்தப் பக்கம் வண்டி வந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டாள். வெள்ளைக் கார் அதற்குப் பிறகு தோப்புக்கும் மண்டிக்கும் மட்டும் போனது.

புருஷனிடம் சொல்லலாமா என்று அவள் யோசிக்காத நாள் இல்லை. சோற்றைப் போடும்போது யோசித்தாள், தண்ணீர் எடுத்து வைக்கும்போது யோசித்தாள். அண்ணன் சொல்லைத் தாண்டாத மனுஷன். ‘முடிஞ்சு போச்சு’ என்று சொன்ன வாய். வாய்வரை வந்ததை ஒவ்வொரு தடவையும் விழுங்கினாள். ஒரே அறையில், ஒரே மின்விசிறிக்குக் கீழே, அவருக்கு மகள் இறந்துபோயிருந்தாள், அவளுக்கு மகள் இருந்தாள்.

ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்ட ஒரு வெள்ளிக்கிழமை. விரல் கணக்குப்படி இன்னும் பத்து நாள் இருந்தது, ஆனால் காலையில் இடதைத் திருப்பியபோதே ரேணுவுக்கு இடுப்பு வலி கண்டிருந்தது. துளசிமணி அன்று ஒரு மணிக்காகக் காத்திருக்கவில்லை. ஏழாவது தறியில் பாவு பிணைத்துக்கொண்டே கேட்டாள்: ஆட்டோ மழையில் போவதை, அந்தப் பையன் டிரைவரிடம் கெஞ்சுவதை, தள்ளுநாற்காலிச் சக்கரம் கிறீச்சிடுவதை, ஒரு கதவு மூடிக்கொள்வதை. ரேணு அலறினாள். துளசிமணியின் விரல்கள் நிற்காமல் இழையோடு இழையை முறுக்கின. ‘மூச்சை இழுத்து விடும்மா’ என்றது ஒரு பெண் குரல். துளசிமணி மூச்சை இழுத்து விட்டாள்.

அப்போது யாரோ அவள் தோளைத் தொட்டார்கள். நிமிர்ந்தாள். அர்த்தநாரி. அவருடைய இரண்டு தறிகளும் அவருக்குப் பின்னால் நின்றிருந்தன, இருபத்தைந்து வருஷத்தில் அவர் இரண்டையும் ஒன்றாக நிறுத்தி அவள் பார்த்ததில்லை. அவர் கையில் இயர்போன் இருந்தது. வலது பக்கத்து ஒயர் பிடுங்கிக்கொண்டு வந்து, பின்னில் பெல்ட்டின் கரி ஒட்டியிருந்தது. தானே செருகப் பார்த்திருக்கிறார், விரல்கள் நிலைகொள்ளவில்லை.

“சீக்கிரம்” என்றது அவர் உதடு.

அவள் வாங்கிக்கொண்டாள். வலது துளையில் ஊசியை விட்டுப் பஞ்சை எடுத்தாள். பழக்கத்தில் இடதையும் ஒரு தடவை பார்த்தாள். மங்கிய புள்ளி உள்பக்கம் பார்க்க, அது திருப்பிச் செருகியிருந்தது. இன்று நேற்றுத் திருப்பியதல்ல. பின்னைச் சுற்றி மாதக்கணக்கான பஞ்சும் வேர்வையும் படிந்து, காய்ந்து, கறுத்து, ஒயரும் மொட்டும் ஒன்றாக ஒட்டிப் போயிருந்தன.

அவர் அவள் கைகளையே பார்த்துக்கொண்டு நின்றார்.

துளசிமணி கரியைச் சேலை நுனியால் துடைத்தாள். வலதை நேராக வைத்து, இரண்டு பின்னும் ஒன்றாக இறங்குமாறு அழுத்தினாள். இடதைத் தொடவில்லை. கொடுத்ததும் அவர் இரண்டு காதிலும் மாட்டிக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டு, ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

பக்கத்துத் தறிக்காரர்கள் தலை நிமிரவில்லை. துளசிமணி நூல் சுற்றிய தார்களின் கூடையை எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டு அவருடைய தறிகளுக்குப் போனாள். குறுக்கே ஊடு நூலை இழுத்து ஓடாமல் நின்றிருந்த நாடாவை எடுத்து, தீர்ந்துபோன தாரை உருவிவிட்டு, புதுத் தாரைப் போட்டாள்.